சீல் குத்திய அட்டை

மசக்கையில் எதைச் சாப்பிட்டாலும் வாந்தியெடுக்கும் மகளுக்காக ஓர் அம்மா, கைப்பையில் மாவடு பாட்டிலும் பருப்புப்பொடி டப்பாவும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போனாள். சோதனையில் காவலர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துச் சிரித்தார். பையில் தொங்கிய அட்டையில் சீல் குத்தி அனுப்பினார். அட்டைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

விமானம் மாற வேண்டிய ஊரில் மறுபடியும் சோதனை வரிசை.

"அண்ணே, இங்கேயும் திறப்பாங்களா?" என்று அட்டையிடம் கேட்டது பாட்டில். "மாவடு இருந்தாத்தான் கஞ்சி இறங்கும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. நான் எப்படியும் போய்ச் சேரணும்."

"சரியான பயந்தாங்கொள்ளி நீ. என் சீலைப் பார்த்தா எவனும் உன்மேல கை வைக்க மாட்டான். பேசாம வா."

இந்த ஊர்க் காவலர் பாட்டிலை வெளியே எடுத்தார். "தண்ணியா இருக்கிற எதுவும் கூடாது."

அம்மா அட்டையைக் காட்டினாள். "அங்கே விட்டாங்களே, சார்."

"அது அந்த ஊர்."

பாட்டில் குப்பைத்தொட்டிக்குள் போனது. அட்டையையும் பிய்த்து அதன்மேலேயே போட்டார்.

தொட்டிக்குள் கிடந்தபடி அட்டை முனகியது: "அந்த ஊர்ல என்னை எல்லாரும் மதிச்சாங்க."

வெளியே, பையில் புது அட்டை கட்டி சீல் குத்தினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினாள். அவள் இன்னொரு ஊரிலும் விமானம் மாற வேண்டும்.

"நான் இருக்கேன்ல, உனக்கென்ன பயம்?" என்று பருப்புப்பொடி டப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனது புது அட்டை.