யாரும் எடுக்காத போன்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் தன் வீட்டுக்கே போன் போடுவாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருப்பாள். மணி பத்து முறை அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். “உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்பதைத் தவிர நாள் முழுக்க அவள் யாரிடமும் வேறு வார்த்தை பேசுவதில்லை.

வியாழக்கிழமை போன் எங்கேஜ்டாக இருந்தது.

மறுநாள் காலை லைன்மேன் வந்து பார்த்தார். “லைன் நல்லாத்தாம்மா இருக்கு. வீட்ல யாராவது பேசிட்டு இருந்திருப்பாங்க.”

“வீட்ல யாருமே இல்லைங்க.”

“அப்ப ரிசீவரைச் சரியா வச்சிருக்க மாட்டீங்க.”

அவர் போனதும் ரிசீவரை அழுத்தி வைத்தாள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு மணிக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“அவ வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணிக்கு வந்துடுவா. நீங்க யாரு?” நிதானமான பெண் குரல்.

அவளை யாரும் அப்படிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. “தெரிஞ்சவங்கதான்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். டப்பாவைத் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு வந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. போனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு, குண்டு குண்டான எழுத்தில்.

‘தெரிஞ்சவங்கன்னு ஒருத்தி கூப்பிட்டா. பேர் சொல்லலை. பாவம், பேச ஆளே இல்லாதவ போல.’