மூக்கு நுனிக்கு ஒரு சபதம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும். மங்கையர்க்கரசி வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் போதும், அவள் இடது கன்னத்தில் ஒரு பருவும் வந்துவிடும். நிச்சயதார்த்தத்தன்றும் வந்தது. போட்டோக்காரர் வாசலில் காத்திருந்தார்.

"இன்னைக்கு உன்னை விடப்போறதில்ல" என்று ஆள்காட்டி விரல் நகம் நெருங்கியது.

"கிள்ளிப் பாருங்கண்ணே. போட்டோவுல தக்காளி மாதிரி உட்காருவேன்" என்றது பரு.

நகம் அந்தரத்தில் நின்றது. கிள்ளினாலும் வம்பு, விட்டாலும் வம்பு. மங்கை கண்ணாடியை இன்னும் கிட்டே இழுத்தாள்.

மைச்சிமிழ் மெல்ல வாய் திறந்தது. "தள்ளுங்கண்ணே. திருஷ்டிப் பொட்டு வைக்கிற இடம்தானே அது?"

நகம் மையைத் தொட்டுப் பருவின் தலையில் வைத்தது. வந்தவர்களெல்லாம் பொட்டின் அழகைத்தான் பேசினார்கள். பருவை ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்த அவமானத்தில் அது மாலைக்குள் வற்றிவிட்டது.

போகும்போது மைச்சிமிழிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனது. "கல்யாணத்துக்கு மூக்கு நுனியில வர்றேன்க்கா. அங்க எப்படிப் பொட்டு வைப்பீங்கன்னு பார்க்கிறேன்."

முகூர்த்தம் நாளைக்கு. நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். மங்கை காலையிலிருந்து மூக்கைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.