சனிக்கிழமைப் பாவங்கள்

"யார் சொன்னாங்க உனக்கு? பேரைச் சொல்லு."

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து மழை தொப்பியிலிருந்து சொட்ட, கோல்மன் சாமியார் கணப்பின் முன்னால் நின்றார். நாடக ஆசிரியர் டெவேன் சோடா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவர் யாருக்காகவும் அவசரப்பட்டதில்லை.

"எதைச் சாமி?"

"கசாப்புக்காரன் தராசுல கட்டைவிரலை வைக்கிறது. பால்காரம்மா மாட்டோட சேர்த்துக் கிணத்தையும் கறக்கிறது. அண்ணன் சீக்கிரம் சாகணும்னு பள்ளிக்கூட மாஸ்டர் மெழுகுவத்தி ஏத்துறது. எல்லாம் உன் நாடகத்துல வருதே."

"கற்பனை சாமி."

"மெழுகுவத்தியுமா?" சாமியாரின் கண்கள் சுருங்கின. "மூணு பேரும் ஆயருக்குப் புகார் அனுப்பியாச்சு. பாவசங்கீர்த்தனத்துல சாமியார் காதுல மட்டும்தான் சொன்னோம், இப்ப மேடையில கேக்குதுன்னு. சாயங்காலம் ஆயர் வர்றார். நான்தான் வெளியில விட்டேன்னு முடிவாச்சுன்னா, இந்த அங்கியைக் கழட்டிட வேண்டியதுதான்."

"நான் யார் பேரையாவது எழுதினேனா?"

"இல்ல."

"அப்ப அவங்களைக் காட்டிக்கொடுத்தது அவங்களேதான். அயர்லாந்துல நாடகம் எழுதுறது ரொம்பச் சுலபம் சாமி. ஏதாவது ஒரு பாவத்தை மேடையில ஏத்தி விட்டா, சொந்தக்காரர் தானா தேடி வந்துடுவார்."

சாமியார் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரிதானே கோயிலைப் பெருக்குறா? பாவசங்கீர்த்தனக் கூண்டுப் பக்கம் அவ காதுல ஏதாவது விழுந்துதா?"

"விழுந்தாலும் என்கிட்ட சொல்ல மாட்டா. எழுதிடுவேன்னு பயம்." டெவேன் கத்தியைக் கீழே வைத்தார். "ஆமா, அந்த மூணு பேரும் நெஜமாவே அதையெல்லாம் சொன்னாங்களா?"

"அதைப் பத்தி நான் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. யார்கிட்டயும் சொல்லலைன்னு ஆயர் முன்னால சத்தியம் பண்ணுங்க."

"நம்ப மாட்டார். அவரை நம்ப வைக்க ஒரே ஒரு உண்மைதான் இருக்கு. அதைச் சொன்னாலும் என் வேலை போயிடும்."

"அப்படி என்ன உண்மை?"

சாமியார் கதவைச் சாத்தித் தாழிட்டார். குரல் இறங்கியது.

"இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து, சனிக்கிழமை அந்தக் கூண்டுல திரையை இழுத்ததும் நான் தூங்கிடுறேன், டெவேன். இங்க யார் என்ன பாவம் பண்றாங்கன்னு எனக்கே உன் நாடகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது."