மூன்றாவது விசில்

குக்கரில் முதல் விசில் அடங்கும்போது ஜன்னல் கம்பி அதிர்கிறது. தாயில்பட்டிக்காரி அருணாதேவிக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. பட்டாசுக் கம்பெனியில் போட்டுப் பார்க்கிற வெடி என்றால் ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கரண்டியோடு அப்படியே நின்று காது கொடுக்கிறாள். இரண்டாவது வெடியும் கேட்கிறது. உச்சிவெயிலில் ஊருக்கு ரோடு பிரிகிற விலக்குப் பக்கம் கரும்புகை எழும்புகிறது. அத்தைக்கு எந்த மாத்திரை, சிலிண்டர் எப்போது தீரும், யார் எங்கே இருக்கிறார்கள், எல்லாம் அவள் தலையில்தான் ஓடும். இன்று பள்ளிக்கூடம் அரைநாள். வேன் இந்நேரத்துக்குப் பாப்பாவை அந்த விலக்கில், கம்பெனிச் சுவரோரம் இறக்கிவிடும். அத்தைக்குக் காய்ச்சல் என்பதால் அவளைக் கூட்டிவருகிற அந்த ஒன்றை மட்டும் காலையில் கணவன் ஜெயபாண்டியிடம் விட்டிருந்தாள். "நான் பாத்துக்கிறேன் போ" என்றிருந்தான். இரண்டாவது விசிலோடு போனும் அடிக்கிறது. "தேவி, சத்தமாமே? நான் மல்லாங்கிணத்துல நிக்கேன். பாப்பா உங்கிட்டதான இருக்கா?"

"நீங்கதான கூட்டியாறேன்னீக..." செருப்பில்லாமல் வாசலைத் தாண்டியவளை மூன்றாவது விசில் பிடித்து இழுக்கிறது. அடுப்பை அணைக்கணும் என்பது இந்த நேரத்திலும் அவளுக்குத்தான் நினைவு வருகிறது.