பயத்துக்கு ஒரு நாற்காலி

"பயம் வந்தா துரத்தாதடி. ஒரு நாற்காலி போட்டு உட்கார வை" என்றாள் அக்கா, துணி மடித்தபடியே.

தங்கச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்னக்கா! உனக்கு இல்லைன்னு ரிசல்ட் வந்தாச்சு. நீ நாற்காலியும் போடுவே, கட்டிலும் போடுவே."

அம்மாவின் கை கால்களை உதறவைத்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே மறக்கடித்த நோய். அது தங்கச்சிக்கும் வரும் என்று போன மாதம்தான் டாக்டர் சொன்னார். எப்போது என்று மட்டும் அவருக்கே தெரியாதாம்.

அந்த 'எப்போது'தான் அவளைத் தின்றது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடுகளவு திருகாணி கைநழுவினால் போதும், 'ஐயோ, ஆரம்பிச்சிருச்சா?' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்துச் சீட்டுக்காரியும்தான் நாள் முழுக்கக் கீழே போடுகிறாள். அதெல்லாம் மண்டையில் ஏறினால்தானே!

அக்காவிடம் சொல்லி அழலாம் என்றால், அவள் சிரித்து மழுப்புகிறாள். கல்நெஞ்சுக்காரி! தப்பித்தவளுக்கு என்ன தெரியும்?

சொல்லாமல் கொள்ளாமல் மனநல ஆலோசகரிடம் போனாள். யாராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார்களே என்று தலையைக் குனிந்தபடி நுழைந்தவள், உட்கார்ந்ததும் குமுறிக் குமுறி அழுதாள்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மூலையில் கிடந்த காலி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"பயம் வந்தா துரத்தாதீங்க. இப்படி ஒரு நாற்காலி போட்டு உட்கார வைங்க."

தங்கச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதை... வேற யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேம்மா" என்று சிரித்தார் அவர். "இந்த ரூம்ல அழறவங்களுக்குன்னு நானே கட்டின வசனம். வெளியில எங்கேயும் கிடைக்காது."

வீட்டில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டாள்.

"யாருக்குடி?"

"என் பயத்துக்கு. உன்னோட டாக்டரம்மாதான் போடச் சொன்னாங்க."

அக்கா குழாயை மூடினாள்.

"உனக்கு இல்லைன்னு ஏன்க்கா பொய் சொன்னே?"

"ரெண்டு பேருமே இடிஞ்சு உட்கார்ந்துட்டா, யாரை யாருடி தூக்கிவிடறது?"

ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

"போ, இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வா. என்னோடது எத்தனை நாள்தான் நின்னுகிட்டே இருக்கும்?"