418

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் சேற்றுக்கரையில் நிலானி ஆலாக்களைப் பிடித்து, காலில் எண் வளையம் மாட்டி, “முருகா, பாத்துக்கப்பா” என்று பறக்கவிடுவாள். இந்தக் கடற்பறவைகள் எங்கே போய்ச் சாகின்றன என்று அறிவதற்கான ஆராய்ச்சி அது. வளையங்கள் எண் வரிசையில் ஒரு கம்பியில் கோத்திருக்கும்.

இன்று காலை படகுக்காரர் சுகுமாரன் கரையில் கிடந்த செத்த ஆலா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் காலில் தேய்ந்துபோன வளையம், 418. கம்பியில் அடுத்து இருந்ததும் 418தான், புத்தம் புதிதாக.

“ஃபேக்டரியில ரெண்டு அடிச்சிட்டான் போல லா.”

“இது பல வருசம் போட்டது மாதிரி இருக்கேண்ணே.”

அடுத்த வளையத்துக்கு உரிய பறவை அவள் கையில் துடித்துக்கொண்டிருந்தது. இறக்கைக் கீறலில் ஊதா மருந்து தடவினாள். கம்பியிலிருந்த 418ஐ எடுக்கவில்லை.

“நம்பர் போடாம விட்டா ரிப்போர்ட் இடிக்குமே, தங்கச்சி.”

“இடிக்கட்டும்ணே. இது உயிரோட இருக்கட்டும்.”

அது பறந்ததும் அவள் மனம் சற்று ஆறியது.

மாலையில் வலையைச் சுருட்டும்போது அதே கரையில் ஓர் ஆலா செத்துக் கிடந்தது. இறக்கையில் ஊதா மருந்து இன்னும் ஈரமாக இருந்தது. காலில் வளையம் இல்லை. பல வருடம் வளையம் கிடந்த தழும்பு இருந்தது.