பன்னிரண்டாம் பக்கத்துக் கொலைகாரன்

"இனிமே இந்தப் பொம்பளைக்கு ஒரு புத்தகமும் குடுக்கக் கூடாது. அவ அங்கத்தவர் அட்டையைக் கிழிச்சுப் போடுங்க!"

வாசிகசாலைத் தலைவர் ஜெயகுமார் மேசையில் ஓங்கித் தட்டினார். தேத்தண்ணிக் கோப்பைகள் ஒருமுறை துள்ளி அடங்கின.

இலங்கை மலைநாட்டில், பெரகலவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. வாசிகசாலை என்பது ஒரே அறை, ஒரே அலுமாரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்.

கலாராணி கதவோரம் நின்றாள். கொழுந்து பறிப்பவள். அந்த அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தவள். அட்டை போனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே போன மாதிரி.

"என்ன நடந்திச்சுன்னு மொதல்ல கேப்போமே," என்றார் புத்தகங்களுக்குப் பொறுப்பாக இருந்த அற்புதராஜ்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் றோசாலி புத்தகத்தை மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"பன்னெண்டாம் பக்கத்தைப் பாருங்கண்ணே."

பக்கத்தின் ஓரத்தில், தடித்த நீல மையில் எழுதியிருந்தது: 'கொலைகாரன் பாதிரியார்.'

கூட்டம் 'ச்சே' என்றது. சொல்லாமல் என்ன செய்யும்? அது போன மாதம் பதுளையிலிருந்து வந்த புத்தம் புதிய துப்பறியும் நாவல். சான் பிரான்சிஸ்கோவில் வரிசையாக ஏழு கொலைகள். கண்டுபிடிக்க வருகிறவர் லியாங் என்ற அதிகாரி. சீன வம்சம், ஆனால் அமெரிக்காவிலேயே பிறந்தவர். பார்க்கிறவன் எல்லாம் அவரிடம், "நீ எந்த நாடு?" என்று கேட்பான். "இதே ஊருதான்" என்று அவர் பொறுமையாகச் சொல்வார்.

கலாராணி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே இந்த இடம் வரைக்கும் கதை சொன்னாள். "அட, நம்ம ஆளுடி! நம்மளையும் இப்படித்தானே கேக்குறாங்க!" என்று அன்றைக்கே பதினொரு பேர் புத்தகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். முதல் பெயர் றோசாலி.

ஜெயகுமார் விடவில்லை.

"புத்தகம் வந்த அன்னைக்கே மொதல்ல எடுத்தவன் நான். ரெண்டாவது இவ. நான் திருப்பிக் குடுக்கும்போது அதுல ஒரு பொட்டு மை கிடையாது. இது என்ன மை தெரியுமில்ல? கொழுந்து சாக்குல பேரு எழுதுற பேனா. மழையில ஊறுனாலும் அழியாது. இங்க பாதிப் பேரோட சாக்குக்குப் பேரு எழுதிக் குடுக்கிறது யாரு?"

எல்லோரும் கலாராணியைப் பார்த்தார்கள்.

"செஞ்சது யாருன்னு முன்கூட்டியே சொல்றது எவ்வளவு பெரிய பாவம்! படிக்கிறவன் வாயில மண்ணைப் போடுற வேலையில்ல?"

ஜெயகுமார் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை. அவர் கத்தக் கத்த, சட்டைப் பையில் செருகியிருந்த தடித்த நீலப் பேனாவும் ஆடியது.

"ஏம்மா, இந்தப் புத்தகத்துல நீ எழுதுனியா?" என்றார் அற்புதராஜ்.

"ஆமாங்க. எழுதுனேன்."

றோசாலிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்க்கா? பதினாறு நாளா காத்துக் கெடந்தேனே! மழைக்கு உங்க வெறகு நனைஞ்சப்ப என் வெறகைத் தந்தேனே, அதுக்கா இது?"

"அழாத புள்ள. மிச்சப் பக்கத்தைப் பாத்தியா?"

"கொலைகாரனே தெரிஞ்சப்பறம் எதைப் பாக்குறது? அப்பவே மூடிட்டேன்."

"திருப்பிப் பாருங்கண்ணே," என்றாள் கலாராணி.

அற்புதராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார்.

"இருவத்தெட்டாம் பக்கம். கொலைகாரி பூக்கடைக்காரி... என்னது இது? நாப்பத்தொண்ணு. கொலைகாரன் டாக்டர். அறுவத்தி மூணு. கொலைகாரன் கார் ஓட்டுறவன்."

இன்னும் நாலைந்து தாள் தள்ளினார். நின்றார்.

"எழுவத்தஞ்சு. கொலைகாரன்... லியாங்!"

"அடிப்பாவி, நம்ம ஆளையே மாட்டிவிட்டுட்டாளே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூட்டம் முழுக்கச் சிரித்தது. றோசாலியும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஜெயகுமார் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன புள்ள வெளையாட்டு இது?" என்றார் அற்புதராஜ்.

"புத்தகம் என் கைக்கு வரும்போதே அதுல ஒரு பேரு எழுதியிருந்திச்சுங்க. கடைசிப் பக்கத்தைப் பாத்தேன், உண்மையான பேருதான். அழிச்சுப் பாத்தேன், போகல. எலுமிச்சம்புளி தடவிப் பாத்தேன், தாளுதான் கிழியப் பாத்திச்சு. எனக்குக் கதை அங்கயே முடிஞ்சு போச்சு. பின்னால பதினொரு பேரு ஆசையா நிக்கிறாங்களே, அவங்களுக்கும் அப்படி ஆகணுமா?"

கலாராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அதான், அதே மையில, அதே எழுத்து மாதிரியே இன்னும் நாலு பேரை எழுதி வச்சேன். இப்ப அஞ்சு பேரு இருக்கு. எது நெசம்னு இனி யாருக்கும் தெரியாது. லியாங்தான் வந்து கண்டுபிடிக்கணும்."

றோசாலி பாய்ந்து வந்து அற்புதராஜ் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இப்ப படிக்கத்தான்க்கா இன்னும் ஆசையா இருக்கு!"

"படி. ராவுல சோத்தைக் கருக விட்டுறாத."

மறுபடியும் சிரிப்பு. அதற்குள் ஜெயகுமாரின் கை மெல்ல மேலே போய், சட்டைப் பையை மூடிக்கொண்டது.

அற்புதராஜ் அதைக் கவனிக்கவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. மொதல்ல எழுதுன அந்த ஆளு யாரு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"நல்லாத் தெரியுங்க. தெனமும் பாக்குற எழுத்துத்தான்."

"அப்ப சொல்லு!"

கலாராணி ஜெயகுமாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேணாங்கண்ணே. செஞ்சது யாருன்னு முன்கூட்டியே சொல்றது பெரிய பாவம்னு தலைவர் இப்பத்தானே சொன்னாரு."